12 நிமிட நிபந்தனை

லண்டன் நகரத்துக்குள் வாத்தியம் வாசித்துப் பிழைக்க ஒரு காலத்தில் இசைக்கலைஞர்களின் கில்டு தயவு வேண்டும். வெளியூர்க்காரன் வந்து சம்பாதித்துவிடக் கூடாது என்பதுதான் அதன் கவலை. 1604இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் சாசனமே கொடுத்தார். அரண்மனைக் கலைஞர்கள் எதிர்த்ததில் 1630களில் அது பறிபோனது. அதிகாரம் மெல்லக் கரைந்தது, சங்கம் மட்டும் மிஞ்சியது. இன்று அதே சங்கம் இளம் கலைஞர்களுக்குப் பரிசும் உதவித்தொகையும் தருகிறது.

வாசலை மறித்து நின்றவரே பந்தி போடுகிறார் என்று இதைக் கொண்டாடிவிடலாம். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. காசு கொடுக்கிற கை சும்மா கொடுக்குமா? உரிமம் போய்ப் பரிசு வந்தால், அதிகாரம் சட்டையை மாற்றிக்கொண்டது என்றுதானே அர்த்தம்?

இதற்குப் பதிலை இசையில்தான் தேட வேண்டும். 1905இல் அந்தச் சங்கத்தின் பெயரில் ஒரு போட்டி நடந்தது. பணம் போட்டவர் வால்டர் காபெட். தொழிலதிபர், வயலின் பைத்தியம். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நான்குக்கும் சம இடம். 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பழைய ஆங்கில ‘ஃபேன்டஸி’ போல, இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டம். முதல் பரிசு வில்லியம் ஹர்ல்ஸ்டனுக்கு. அடுத்த ஆண்டே, 30 வயதில், அவர் இறந்துபோனார்.

1907 போட்டியில் வென்ற ஃபிராங்க் பிரிட்ஜின் சி மைனர் ட்ரியோவைக் கேளுங்கள். நிபந்தனை அதை நெரிக்கவே இல்லை. வேகமும் துக்கமும் விளையாட்டும் தனித்தனி அறைகளில் உட்காராமல் ஒன்றுக்குள் ஒன்று கசிகின்றன. ஆரம்பத்தில் வந்த மெட்டு கடைசியில் திரும்பும்போது அதன் முகமே வேறாக இருக்கிறது. பிரிட்ஜின் மாணவர் பெஞ்சமின் பிரிட்டன் 1932இல் ஓபோவுக்கு எழுதிய ஃபேன்டஸி, எந்தப் போட்டியும் கேட்காமலே அதே வடிவத்தில் வந்தது. பரிசுக்காகப் பிறந்த வடிவம் பரிசை விட்டு வெளியே வந்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

பழைய கில்டு கேட்டது, ‘நீ யார், எந்த ஊர்?’ காபெட் கேட்டது, ‘இந்த 12 நிமிடத்தில் என்ன செய்வாய்?’ முதல் கேள்விக்குக் கலையால் பதில் சொல்லவே முடியாது. இரண்டாவதற்குக் கலையால் மட்டும்தான் முடியும்.

சிறுகதைப் போட்டி, ஃபெலோஷிப் என்று விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிற நமக்கு இந்த வித்தியாசம் முக்கியம். சொல் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்ணப்பப் படிவம் நம் எழுத்தை விட்டுவிட்டு நம்மையே விசாரிக்க ஆரம்பிக்கிற இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். பழைய கில்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.