இரண்டு கற்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே உயர்ந்து நிற்கும் வண்ணாத்திப்பாறை மலையில் கண்ணகி கோட்டம் இருக்கிறது. சித்திரை முழுநிலவன்று மக்கள் திரள்திரளாக மலையேறுகின்றனர். அதே தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். கோட்டத்தை அறிந்தோர் பலர். கற்களை அறிந்தோர் எத்தனை பேர்? இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை எடைபோட விழைகிறோம்.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என 6 படிகளாக வகுக்கிறது. வஞ்சிக் காண்டத்தின் காதைப் பெயர்களைப் பாருங்கள்: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை! களத்தில் மடிந்த ஆடவனுக்குரிய சிறப்பை, அரசனின் தவற்றை அவன் அவையிலேயே மெய்ப்பித்த வணிகர் குடிப் பெண்ணுக்கு உரிமையாக்கினார் இளங்கோ. அந்தத் துணிவைப் போற்றாதவன் தமிழன் அல்லன்.

ஆனால் கல் எங்கிருந்து வந்தது? பொதியில் மலையிலும் எடுக்கலாம், இமயத்திலும் எடுக்கலாம் என்றே நூலறிந்தோர் உரைத்தனர். பொதியில் கல்லைக் காவிரியில் நீராட்டுவது தன் குடிக்குச் சிறப்பன்று என்று ஒதுக்குகிறான் செங்குட்டுவன். படை வடக்கே நடக்கிறது. 18 நாழிகையில் போர் முடிகிறது. கனகவிசயர் முடித்தலையில் கல் ஏறுகிறது. கண்ணகிக்காகத் தொடங்கிய பயணம் காவலன் புகழ்ப் பயணமாகிவிடுகிறது! அநீதியால் ஒரு கணவன் வெட்டுண்ட கதைக்கு, அடுக்கடுக்காய்ப் பிணம் விழும் போரா பரிகாரம்? காண்டத்தின் இறுதியோ வரந்தரு காதை. நீதி கேட்டு நிமிர்ந்து நின்றவள், வரம் கொடுத்து மன்னரை மகிழ்விப்பவளாகிறாள். அவள் தொடுத்த வினா எங்கே போயிற்று?

நடுகல்லைத் தொழும் வழக்கம் இளங்கோ புகுத்தியதன்று. புறநானூற்றின் 306ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் காட்டும் பெண்ணும் நடுகல்லைக் கைதொழுகிறாள். ஆனால் அவள் முதலில் வேண்டுவது விருந்தினர் தன் இல்லத்துக்கு வரவேண்டும் என்பதையே. அது வாழ்க்கையிலிருந்து பிறந்த வேண்டுதல், அரசியலிலிருந்து பிறந்ததன்று.

இனிப் புலிமான்கோம்பைக் கல்லைப் பாருங்கள். ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டினது என ஆய்வாளர் கணிக்கும் அக்கற்களுள் ஒன்றில், தமிழி எழுத்தில், ஒருசில சொற்களே உள்ளன. தீயன் அந்தவன் என்பது மாண்டவன் பெயர். கூடலூர் ஆகோள் என்பது அவன் மாண்ட பூசல். நம் பள்ளத்தாக்கிலும் ஒரு கூடலூர் உண்டு. பெயர் ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு இரண்டும் ஒன்றே என முழங்குவது ஆராய்ச்சி ஆகாது. அந்தக் கல்லில் மன்னன் பெயரில்லை; கடவுள் பெயரில்லை; வரமும் இல்லை. ஆநிரை கவரும் பூசலை நாம் புகழவில்லை. புகழத்தக்கது வேறு. தமிழி எழுத்து பெரும்பாலும் சமண முனிவர் குகைகளிலும் பானையோடுகளிலுமே அறியப்பட்டிருந்தது. ஆடுமாடு மேய்த்த மக்களிடையேயும் அது வழங்கியது என்பதற்கு இக்கல் சான்று. எழுத்து ஒரு சிலரின் தனியுடைமை என்று பின்னாளில் கட்டிய வேலியை, நம் முன்னோர் வைத்த ஒரு சிறு கல் இடித்துத் தள்ளுகிறது.

இளைஞர்களே! காப்பியத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மதுரைக் காண்டத்தின் வழக்குரை காதையை வாய்விட்டுப் படியுங்கள். வஞ்சிக் காண்டத்தை வினாவோடு படியுங்கள். ஆசிரியர்களே! சேரன் கல் சுமப்பித்த கதையைச் சொல்லும் வகுப்பிலேயே, தீயன் அந்தவன் பெயரைக் கரும்பலகையில் தமிழி எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். மாடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளையும் அந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறான். தன் ஊர்ப்பக்கத்து வரலாறு அரண்மனையில் மட்டும் எழுதப்பட்டதன்று என்பதை அவன் அறியட்டும்!