பரிந்து பேசுதலும் முறையிடுதலும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வழியாகப் புல்மோட்டைக்குச் செல்லும் வீதியிலுள்ள குச்சவெளி போன்ற கரையோர ஊர்களில், பள்ளிக்கூடத்தில் தம் பிள்ளை அநியாயமாகத் தண்டிக்கப்பட்டது என்று அறிந்த பெற்றோர் முதலில் தேடிப் போவது சட்டத்தையுமன்று, சுற்றறிக்கையையுமன்று; அதிபரிடம் வார்த்தை செல்லுபடியாகும் ஒரு மனிதரையே. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளரோ, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரோ, கோயில் தர்மகர்த்தாவோ உடன் வந்து, "சேர், சின்னப் பிள்ளைதானே, இந்த ஒருமுறை மன்னிச்சு விடுங்கோ" என்று சொல்ல, அதிபரும் இளக, காரியம் அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இவ்வழக்கத்தை அடிமைப்புத்தி என்று பட்டணத்திலிருந்து பழிப்பது சுலபம். ஆயினும், வேறு பாடசாலைக்குப் போக வசதியில்லாத ஊரில், இன்று கோபித்துக்கொண்ட அதே உபாத்தியாயரிடம் இன்னும் மூன்று வருஷம் கணிதம் படித்தாக வேண்டிய பிள்ளைக்கு, யாருடைய கௌரவமும் குலையாமல் மறுநாளே வகுப்புக்குத் திரும்ப முடிவது அற்பமான பயனன்று. எந்த நீதிமன்றமும் இவ்வளவு விரைவாகப் பரிகாரம் தந்ததில்லை.

ஆனால் அந்தப் பரிகாரத்தின் விலையைப் பார்க்க வேண்டும். 'மன்னித்துவிடுங்கள்' என்ற சொல்லோடு, செய்யாத குற்றத்தையும் பிள்ளை செய்ததாகப் பெற்றோரே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். நியாயம் கேட்க வந்தவர்கள் தயவு பெற்றுத் திரும்புகிறார்கள். அந்தத் தயவும் பரிந்து பேசுபவரின் செல்வாக்குக்குத் தக்கபடியே கிடைக்கிறது. புருஷன் கடலுக்குப் போயிருக்க, பேசித்தர ஆளில்லாமல் தனியே வந்து, இடைவேளை மணி அடித்தும் அதிபர் அழைக்காமல், வராந்தாத் தூணோரம் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும் தாய்க்கு அது எட்டுவதேயில்லை. பேசி முடித்த விஷயத்துக்கு ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சாததால், அடுத்த மாதம் வேறொரு பிள்ளைக்கு அதே அநீதி நேரும்போது அது முதல் தடவையாகவே கருதப்படும்.

இன்னொன்றும் உண்டு. முதலாம் வகுப்பில் சேர்க்கும்போதே, "கண்ணை மட்டும் விட்டுட்டு அடியுங்கோ சேர்" என்று அனுமதி கொடுத்துவிட்டு வரும் பெற்றோர் நம்மிடையே அநேகர். கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும், பின்னர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும் விலக்கிய ஒன்றைச் செய்ய அனுமதி வழங்க எந்தத் தகப்பனுக்கும் அதிகாரமில்லை. அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் 2017 பெப்ரவரியில் ஓர் ஆசிரியர் மாணவன் ஒருவனை அறைந்தபோது கெட்டது கண்ணன்று, காது. அவனுடைய பெற்றோர் சமரசத்தோடு நிற்கவில்லை. பிள்ளையோடு சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். 2021 பெப்ரவரியில் நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய தீர்ப்பு, அந்த அறை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தடுக்கும் கொடூரமான, இழிவான நடத்துகையே என்று கண்டு, ஆசிரியர் ஒன்றரை லட்சம் ரூபாவும் அரசு ஐந்து லட்சம் ரூபாவும் கொடுக்கப் பணித்தது. பரிந்து பேசியிருந்தால் அந்த ஒரு பிள்ளையின் காரியமாகவே முடிந்திருக்கக்கூடியது, இப்போது நாடெங்குமுள்ள பிள்ளைகளுக்கு ஆதாரமாக நிற்கிறது.

அதற்காக முறையிடும் வழியைக் குறையற்றதென்று புகழவும் மனம் வரவில்லை. அறைக்கும் தீர்ப்புக்கும் இடையே நான்கு வருஷம். அத்தனை வருஷமும் வழக்கிலேயே கழிந்தன. மேலும், பிள்ளை சொன்னதை விசாரியாமலே வேதவாக்காகக் கொண்டு உபாத்தியாயரின் சட்டையைப் பிடிக்கப் போகும் தகப்பனும், முகநூலில் அவர் படத்தைப் போட்டுச் சந்தி சிரிக்கச் செய்யும் மாமனும் பெருகிவிட்ட காலம் இது. அவர்கள் செய்வது முறையீடன்று, இன்னொரு தண்டனை.

ஆனால் தனித்தனியே சண்டைக்குப் போகாமல் கூட்டாகக் கேட்பதன் பலத்தை இந்த மாவட்டமே கண்டது. காது தெரியாதபடி தலையை மறைத்துப் பரீட்சை எழுதினார்கள் என்று திருகோணமலை ஸாஹிரா கல்லூரி மாணவியர் 70 பேரின் உயர்தரப் பெறுபேறுகள் 2024இல் நிறுத்திவைக்கப்பட்டபோது, பெற்றோரும் சமூகத்தாரும் சேர்ந்து வற்புறுத்த, அவை பிற்பாடு வெளியாயின. எழுபது வீடுகளும் தனித்தனியே சிபாரிசு தேடியிருந்தால் என்னவாகியிருக்கும்?

பரிந்து பேசும் வழக்கத்தின் பெருந்தீங்கு, என் அபிப்பிராயத்தில், அது நாளைத் தின்றுவிடுவதுதான். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை வைத்த தவணை ஒரே மாதம். செயலாளர் ஊரில் இல்லை, அதிபர் கூட்டத்துக்குப் போய்விட்டார், பெருநாள் கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போவதற்குள் அது கடந்துவிடும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு பதிந்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் அக்கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்த முறைப்பாட்டுக்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஆகவே அந்தச் செயலாளர் வரட்டும். வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் வரும்போது, நடந்தது நடந்தபடி, நாளும் நேரமும் குறித்து, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பிரதியிட்டு எழுதிய கடிதம் தாயின் கையில் இருக்கட்டும். அதில் சாட்சியாக அவரும் ஒப்பமிடட்டும். அதிபரின் அலுவலகத்தில் திகதி முத்திரை குத்திய பிரதி வீட்டுக்கு வரட்டும். பேச வருபவர்களில் பலர் ஒப்பம் என்றதும் பின்வாங்குவார்கள். அப்படிப் பின்வாங்குகிறவருக்காக அந்த ஒரு மாதத்தில் ஒரு கிழமைக்கு மேல் காத்திருக்கலாகாது.