காதில் விழும் கொலை

வில்லியம் வெல்மன் இயக்கிய ‘தி பப்ளிக் எனிமி’ (1931), அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் கள்ள பீர் விற்றுத் தலையெடுக்கும் டாம் பவர்ஸின் கதை. இன்றும் அது பதைக்க வைப்பதற்குக் காரணம், டாம் செய்யும் முக்கியமான கொலைகளைக் கண்ணுக்குக் காட்டாமல் காதுக்கு விட்டதுதான். சிறுவயதில் தன்னைத் திருட்டில் இறக்கிவிட்டுக் கைகழுவிய புட்டி நோஸைத் தேடி டாம் வருகிறான். புட்டி நோஸ் உயிருக்குக் கெஞ்சியபடி பழைய பாட்டொன்றைப் பியானோவில் வாசிக்கிறான். கேமரா நகர்ந்து, வாசலருகே நிற்கும் கூட்டாளி மேட்டிடம் போய்விடுகிறது. வெடிச்சத்தம்; பியானோ கட்டைகள் தாறுமாறாக அலறுகின்றன. மேட்டின் முகத்தில்தான் கொலையைப் பார்க்கிறோம்.

தணிக்கைக்குப் பயந்து மறைத்ததுதானே என்று கேட்கலாம். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1930இலேயே எழுதப்பட்டாலும், 1934 வரை கறாராக அமலாகவில்லை. மேலும், சாப்பாட்டு மேசையில் டாமாக நடிக்கும் ஜேம்ஸ் காக்னி பாதிப் பழத்தை நடிகை மே கிளார்க்கின் முகத்தில் தேய்ப்பதை இதே படம் நேருக்கு நேர் காட்டுகிறது. மேட் சுடப்பட்டு விழுவதையும் மறைக்கவில்லை. ஆக, இது பயமல்ல, தேர்வு. காக்னியின் துடிப்பு ரௌடியை நாயகனாக்கிவிடுகிறது என்ற குறை நியாயமானதே. அதனால்தான் அவன் சுடும் கணத்தின் சாகசத்தை வெல்மன் பறித்துக்கொண்டு, அற்பத்தனத்தை மட்டும் வெளிச்சத்தில் வைக்கிறார்.