அங்கதமும் பண்டமும்: ‘வோர்ஹமர் 40,000’ பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு ஒன்றினைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது முறையா என்னும் வினா எழுதல் இயல்பே. எனினும், நாடகத்தின் தோற்றுவாயைச் சடங்கிலும் ஆடலிலும் தேடி வந்துள்ள திறனாய்வு மரபு, நூற்றுக்கணக்கான நாவல்களையும் தனக்கென ஒரு புனைவுலக வரலாற்றையும் ஈன்றுள்ள விளையாட்டொன்றைக் கண்டும் காணாமற் செல்லுதல் பொருந்தாது. 1987ஆம் ஆண்டில் றிக் பிறீஸ்ற்லி எழுத, இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்ஷொப் கம்பனி வெளியிட்ட ‘வோர்ஹமர் 40,000’ அத்தகையது. அங்கதமாகப் பிறந்த அது அங்கதமாக நிலைக்க இயலாது போனமைக்குக் காரணம் யாது என்பதே எமது வினா.

இவ்விளையாட்டை அறியாதார் பொருட்டு அதன் முறையைச் சுருங்கக் கூறலாம். ஆடுவோர், ஓரங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய வீரர் உருவங்களைப் பகுதி பகுதியாக வாங்கி, வெட்டி ஒட்டி, நுண்ணிய தூரிகைகளால் வர்ணந் தீட்டித் தமக்கென ஒரு படையை அமைப்பர். மேசைமீது பெரும்பாலும் சிதைந்த நகரொன்றின் மாதிரி விரிக்கப்படும். அளவுநாடாவால் அங்குலக் கணக்கில் அளந்து படைகள் நகர்த்தப்படும். சுட்டது பட்டதா, பட்டது ஊறு செய்ததா, கவசம் காத்ததா என்பவற்றை ஆறு முகங் கொண்ட தாயக்கட்டைகள் தீர்மானிக்கும்.

இதன் புனைவுலகம் இன்றைக்கு ஏறத்தாழ 38,000 ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. மனித குலத்தைப் பேரரசொன்று ஆள்கிறது. அதன் சக்கரவர்த்தி பத்தாயிரம் ஆண்டுகளாகப் பொன் அரியணையொன்றிற் பிணமெனக் கிடக்கிறான். அவனை நிலைநிறுத்த நாள்தோறும் ஆயிரம் உயிர்கள் பலியிடப்படுகின்றன. விஞ்ஞானம் மறக்கப்பட்டு, இயந்திரங்களுக்குத் தூபங் காட்டி மந்திரம் ஓதும் குருமார் தோன்றியுள்ளனர். தட்சர் ஆட்சிக்காலப் பிரித்தானியாவில், 1982இன் போக்லாந்துப் போரும் 1984-85இன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் மக்கள் நினைவில் நின்ற வேளையில் இவ்வுலகம் எழுதப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1977இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ சித்திரக்கதை இதழின் நீதிபதி ட்றெட், சட்டத்தின் பெயரால் நிகழும் கொடுமையை இதே கடுநகையுடன் காட்டியிருந்தான். தமது பின்னணி முரண்நகை நோக்கில் அமைந்ததென்று பிறீஸ்ற்லியும் பிற்காலத்திற் கூறியுள்ளார். 1987இன் நூலில் வரும் விண்வெளிப் படைவீரர், குற்றக் கும்பல்களிலிருந்தும் காட்டு உலகங்களிலிருந்தும் பொறுக்கியெடுக்கப்பட்டு, மனமும் உடலும் மாற்றப்பட்ட கொலைஞர்.

அவ்வங்கதமும் குறையற்றதன்று. ‘ஓர்க்’ எனப்படும் பச்சைநிற வேற்றினத்தார் பேசும் ஆங்கிலம் இலண்டன் உழைப்பாளர் பேச்சின் கேலிப் போலி. அவர்தம் நடத்தையோ உதைபந்தாட்ட அரங்குகளின் கலகக்காரருடையது. பேரரசை நோக்கி எய்த அம்புகளுள் ஒன்று உழைக்கும் வர்க்கத்தின்மீதும் தைத்தது. ஆடுவோர் பலர் ஓர்க்குகளையே மிக விரும்புகின்றனர் என்பது வேறு விடயம்.

எமது கருத்தில், அங்கதத்தின் தளர்ச்சிக்கு மூலம் விளையாட்டின் உருவத்திலேயே உள்ளது. அங்கதத்துக்கு, நகைக்கப்படுவோனுக்கும் நகைப்போனுக்குமிடையே ஓர் இடைவெளி வேண்டும். இங்கோ ஆடுபவன் ஒரு பக்கத்தைத் தெரிந்து, அதன் ஒவ்வொரு வீரனுக்கும் பல மணிநேர உழைப்பை ஈந்து, அதன் வெற்றியைத் தன் வெற்றியாக எண்ணவேண்டியவனாகிறான். தான் வர்ணந் தீட்டிய கையால் அவனை எங்ஙனம் எள்ளி நகையாடுவான்? மேலும் உருவம் விலைக்குரியது. விலைப்பட அது கம்பீரமாக இருத்தல் வேண்டும். கும்பற் கொலைஞர் காலப்போக்கில் துறவு வீரராகவும் மாவீரராகவும் உயர்ந்தமை தற்செயலன்று. 2006இல் தொடங்கிய ‘ஹோறஸ் ஹெறெசி’ நாவல் வரிசையில் பேரரசின் தோற்றமே ஒரு வீழ்ச்சிக் காவியமாகிவிட்டது. தொல்காப்பிய மெய்ப்பாட்டு மொழியிற் கூறின், நகை பெருமிதமாகத் திரிந்தது.

மேசையின் வழக்கமொன்றும் இவ்விடத்து நோக்கற்பாலது. மாண்ட வீரனின் உருவம் மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைக்கப்படும். களத்திற் பிணம் கிடப்பதில்லை. அரசனைப் புகழவே பாடப்பட்ட கலிங்கத்துப் பரணியிற்கூடப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. இங்கு அதுவும் இல்லை. சிதைந்த வீடுகள் அழகுற வார்க்கப்பட்டு விற்பனையாகின்றன. அவற்றில் வாழ்ந்தோர் ஆட்டத்திற் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. போரை மேசைக்கு வெளியே அறிந்தவர்க்கு இவ்வெறுமை உடனே உறுத்தும்.

1898இல் ‘உலகங்களின் போர்’ எழுதிய எச். ஜி. வெல்ஸே 1913இல் ‘சிறு போர்கள்’ என்னும் விதிநூலையும் எழுதினார். விஞ்ஞானப் புனைகதையின் முன்னோடியும் பொழுதுபோக்குப் போர் விளையாட்டின் முன்னோடியும் ஒருவரே. பிரஷ்ய இராணுவத்துக்காக 1824இல் றைஸ்விற்ஸ் வகுத்த பயிற்சி விளையாட்டிற் கட்டைகள் இருந்தன. வெல்ஸ் அவற்றை விடுத்து, வில்விசைப் பொம்மைப் பீரங்கியால் ஈய வீரரைச் சுட்டு வீழ்த்தச் செய்தார். சமவலியுடைய இரு அணிகள் கைகலந்தால் இரண்டுமே அழியும் என்பது அவர் விதி. சிறு போரை ஆடிப்பார்த்தவன் பெரும் போரின் மடமையை உணர்வான் என்று நூலின் இறுதியில் அவர் வாதிட்டார். மறுவருடம் பெரும் போர் மூண்டபோது, போருக்கு முடிவுகட்டும் போர் என அதனை ஆதரித்து அவரே எழுதியமை அவ்வாதத்தின் வலுவைக் காட்டும். ஆயினும் தமது விளையாட்டின் சிறுமையை அவர் மறைக்கவில்லை. முடிவற்ற போரையே உலகமெனக் கொண்ட வோர்ஹமரில் ‘பெரும் போர்’ என்று எதிரே சுட்ட எதுவுமில்லை.

2021 நவம்பரில், ஸ்பெயினிற் போட்டியொன்றுக்கு ஒருவர் நாசிச் சின்னங்களணிந்து வந்த செய்தி பரவியதையடுத்து, பேரரசு அங்கதமே என்றும் வெறுப்பின் சின்னங்களுக்குத் தன் நிகழ்வுகளில் இடமில்லை என்றும் கம்பனி அறிக்கை விடுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அங்கதம் தன்னை அங்கதமென அறிக்கையாற் கூறவேண்டி நேர்ந்தது ஏன்? ஆடுவோர் யாவரும் பாசிச மனத்தினர் என்பார் கூற்றுடன் நாம் உடன்படோம். அவருட் பெரும்பாலார் தம் கைவினையிலும் நட்பிலும் மகிழ்பவர்.

அக்கைவினையே இங்கு நாம் போற்றுவது. தொழிற்சாலையிலோ கந்தோரிலோ தன் உழைப்பின் பயனைக் காணாதவன், மாலையில் ஒரு சிறு உருவத்தை முதலிலிருந்து முடிவுவரை தானே ஆக்குகிறான். ஆரம்ப காலத்தில், வெறுமையான வாசனைப்பூச்சுக் கூடொன்றைப் போர் ஊர்தியாக்கும் வழியைக் கம்பனியே கற்பித்தது. பின்னர் நிலை மாறிற்று. தன் உருவங்களுக்கு ஏற்ற உதிரிப்பாகங்களை விற்ற சிறு நிறுவனமொன்றின்மீது 2010இல் அமெரிக்காவில் அது வழக்குத் தொடுத்தது. 2013இன் தீர்ப்பு இரு பக்கத்துக்கும் பகுதி வெற்றியே. அதன்பின் வந்த விதிநூல்களில், கம்பனி விற்காத உருவங்களுக்கான விதிகள் அருகின. 1994இல் இலண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பனி, 2024 டிசெம்பரில் அங்குள்ள முதல் நூறு கம்பனிகளின் சுட்டெண்ணிற் சேர்ந்தது. இன்று முப்பரிமாண அச்சுப்பொறியால் வீட்டிலேயே உருவம் வார்ப்போர் பெருகி வருகின்றனர். கம்பனி தானே நடத்தும் போட்டிகளில் அவ்வுருவங்களுக்கு இடமில்லை. அவற்றை வார்த்தோர் தம் வீட்டு மேசைகளில், பிறர் எழுதி இலவசமாக வழங்கும் விதிகளைக் கொண்டு ஆடுகின்றனர்.