அரங்கேற்று காதையும் பள்ளிக் குழுவிசை மதிப்பீடும்

பள்ளி ஆண்டுவிழாவிலும் கலைப்போட்டிகளிலும் குழுப்பாடலுக்கோ கருவியிசைக்கோ நடுவர் வழங்கும் மதிப்பெண் ஒன்றே. அது குழுவிற்கு உரியது. அதே எண்ணை ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் நேராகப் பதிவேட்டில் எழுதும்போதுதான் சிக்கல் எழுகிறது. சுருதி சேர்ந்து பாடியவரும் பின்வரிசையில் வாயை மட்டும் அசைத்தவரும் ஒரே தரம் பெறுகின்றனர். இதனைத் தவிர்க்க விரும்பும் ஆசிரியர் சிலர் வருகை, ஒழுங்கு, ஆர்வம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் பகிர்கின்றனர். இவை நற்பண்புகள், இசை அல்ல. வேறு சிலர் ஒவ்வொருவரையும் தனியே அழைத்து ஒரு கீதத்தையோ வர்ணத்தையோ இசைக்கச் செய்கின்றனர். நேர்மையான முறைதான். ஆயினும், பிறர் இசையைக் கேட்டுத் தன் இசையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் திறன் இத்தேர்வில் வெளிப்பட இடமில்லை. குழுவிசைக்கே உரிய திறன் அதுவே.

அத்திறனை உணரலாம், வரையறுக்க இயலாது என்பர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் கற்றவர் இம்மறுப்பை எளிதில் ஏற்கமாட்டார். ஆடலாசிரியர், இசையாசிரியர், கவிஞர், தண்ணுமையாசிரியர், குழலாசிரியர், யாழாசிரியர் என ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதியை இளங்கோவடிகள் தனித்தனியே நிரல்படுத்துகிறார். இத்தகுதிகளுள் பல, பிறர் தொழிலோடு கொள்ளும் உறவாகவே அமைந்திருப்பது நோக்கத்தக்கது. இசையாசிரியர் யாழ், குழல், தாளக்கூறு, மிடறு, தண்ணுமை, ஆடல் ஆகியவற்றோடு பாடலை இசைவிக்க வல்லவராதல் வேண்டும். தண்ணுமையாசிரியர்க்கு வகுத்த தகுதி இன்னும் நுட்பமானது. பிற கருவிகளின் இசை குறையுமிடத்து நிரப்பவும், மிகுமிடத்து அடக்கவும், அவ்வாறு செய்கையில் தம் ஓசை மிகாதிருக்கவும் அவர் அறிந்திருக்க வேண்டும் என உரைவழி அறிகிறோம். ஒலிபெருக்கியை நம்பி மிருதங்கம் முழங்கும் நம் பள்ளி மேடைகளுக்கு இவ்வொரு தகுதியே போதுமான அளவுகோலாகும்.

மாதவி ஆடும் வேளையில் கருவிகள் ஒலித்த முறையும் இவ்வாறே கூறப்படுகிறது. குழலின் வழி யாழ் நிற்கிறது. யாழின் வழி தண்ணுமை. தண்ணுமையின் பின்வழி முழவு. இறுதியில் வரும் ஆமந்திரிகைக்கு மட்டும் வினை மாறுகிறது; அது முழவோடு கூடி நின்று இசைக்கிறது. வழிநிற்றல், கூடிநிற்றல் என்னும் இவ்விரண்டையும் வெறும் வருணனையாகக் கடந்துவிடலாகாது. எக்கருவி எதனைக் கேட்டு ஒலித்தது என்ற செய்தி இவற்றில் உள்ளது. மொத்த ஒலி இனிதாக இருந்தது என்பதோடு நில்லாமல், இணை இணையாக உறவைக் காட்டுகிறது காதை.

இதனை வகுப்பறையில் கையாள்வது அரிதன்று. விழாவிற்கு முன் இருவர் இருவராக அமர்த்திக் கேட்டாலே போதும். பாடுபவர் குரலைத் தாழ்த்தும்போது மிருதங்கம் தாழ்கிறதா, வயலின் காலம் தவறியபின் எத்தனை ஆவர்த்தனத்தில் மீண்டும் சேர்கிறது என்பன செவிக்குத் தெளிவாகப் புலப்படுபவை. இவற்றுக்கு அளிக்கும் மதிப்பெண் அம்மாணவருக்கே உரியது. குழுவின் பரிசோ தோல்வியோ அதனை மாற்றாது.

ஆனால் காதையை அப்படியே மதிப்பீட்டு அட்டவணையாகக் கொள்வது பிழை. அதில் தகுதி கூறப்பெற்ற அறுவரும் தேர்ந்த ஆசிரியர்கள். மாணவி மாதவி ஒருத்தியே. ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அவள் அரங்கேறுகிறாள். இரவல் கருவியில் ஒரு மாதம் பழகிய அரசுப்பள்ளிச் சிறுவனுக்கு அவ்வாசிரியர்களின் தகுதியை இலக்காக வைத்தல் நியாயமன்று. அவன் சென்ற மாதம் எங்கு நின்றான் என்பதே அவனுக்குரிய அளவு. பரிசளிப்பிலும் காதை நமக்கு வழிகாட்டவில்லை. இயல்பினின்று வழுவாது ஆடியதற்காக மாதவி மன்னனிடம் மாலையும் தலைக்கோலும் பெறுகிறாள்; 1008 கழஞ்சு பொன்னும் அவளுக்கே உரியதாகிறது. அவள் ஆட்டத்தைத் தாங்கி நின்ற குழலோனுக்கும் தண்ணுமை முதல்வனுக்கும் மன்னன் என்ன வழங்கினான் என்பதற்குக் காதையில் ஓரடியும் இல்லை.