தெருப்பிள்ளைகளுக்கான தொழுகைப் பாடம்

மதுரையை அடுத்த பரவைக் காய்கறிச் சந்தையில், பொழுது புலருமுன் மூட்டைகளுக்கிடையே திரியும் ஒரு சிறுவனை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. மக்தபின் வாசலை மிதித்தறியாதவன். நம் தொழுகை நூல்களுள் எது அவனுக்கு உதவும்? இவ்வினாவோடு நம் நூல்மரபை மதிப்பிடுவது கடமையெனக் கருதுகிறோம்.

அம்மரபு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அருளிய 'மகானி' போன்ற அரபுத்தமிழ் நூல்களால், குர்ஆன் ஓத மட்டுமே அறிந்திருந்த ஆண்களும் பெண்களும் மார்க்கச் சட்டங்களைத் தாய்மொழியிலேயே விளங்கிக்கொண்டனர். ஓதினால் போதும், பொருள் பின்னர் வரும் என்னும் மெத்தனத்திற்கு அந்நூல்களே மறுப்பாகும்.

எனினும் ஒரு குறை உண்டு. வீடும் மாற்றுடையும் உடையவரை, நாள்தோறும் உஸ்தாத் முன் அமரக்கூடியவரை நோக்கியே அவை பேசுகின்றன. ஃபிக்ஹு நூல்களின் முதற்பாடம் தூய்மை. தெருப்பிள்ளைக்கோ அதுவே கடினமான பாடம். குளிக்க நீரின்றி நிற்பவனிடம் உளூவின் ஃபர்ளுகளை ஒப்பிக்கச் சொல்வது, அவனது இல்லாமையை அவனுக்கே படித்துக் காட்டுவதாகும். வெட்கிய பிள்ளை மறுநாள் வாரான்.

மதீனாவின் திண்ணைத் தோழர்கள் வீடற்ற ஏழைகள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் அவர்களுக்கு உறைவிடத்தையும் உணவையும் கல்வியையும் ஒருங்கே வழங்கியது. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிந்தோர், மதீனத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்றனர். எழுத்தறிவு அத்துணை மதிக்கப்பட்டது. தந்தையற்ற இமாம் ஷாஃபிஈ அவர்களின் தாயாரால் ஊதியம் தர இயலவில்லை; தாம் இல்லாதபோது அவர் மாணவரைக் கவனித்துக்கொள்வதையே ஊதியத்திற்கு ஈடாக ஏற்று ஆசிரியர் கற்பித்தார் என்பர் வரலாற்றாசிரியர்.

எனவே தெருப்பிள்ளைக்குரிய பாடநூல் ஹவுளின் தண்ணீரிலும் ஒரு சோடித் துணியிலும் தொடங்கட்டும். அடுத்து, தன் பெயரைத் தமிழில் எழுத அவன் கற்கட்டும்; பின்னர் ஃபாத்திஹாவைப் பொருளுடன் ஓதட்டும். 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை 2009ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. மக்தப் அப்பள்ளிக்கு மாற்றாகாமல் துணையாகட்டும்.

ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழ ஏவுமாறு நபிமொழி பெற்றோரைப் பணிக்கிறது. பெற்றோர் அருகில்லாத பிள்ளைக்கு அப்பொறுப்பு யாரைச் சாரும்? ஜமாஅத்தைத்தான், நம்மைத்தான் என்பதே நம் விடை.