ஃபார்மலினில் கிடந்த குடலை எவ்வளவு நம்பலாம்?

1980-இல் சிவர்ஸ், ஹ்லாடிக் என்ற ஆய்வாளர்கள் முதனிகளின் உணவுப்பாதையை ஓர் எண்ணுக்குள் கொண்டுவந்தார்கள். இரைப்பை, சீக்கம் எனப்படும் குருட்டுக்குடல், பெருங்குடல் மூன்றையும் கூட்டிச் சிறுகுடலால் வகுக்க வேண்டும். இலை தின்னும் விலங்குக்கு விகிதம் உயரும், பூச்சியோ ஊனோ தின்பதற்குத் தாழும், பழந்தின்னி இடையில் நிற்கும். மடகாஸ்கரின் முதனிகளான லீமர்களை இந்த அளவுகோலில் வைக்கும்போது, அளந்த குடல் எந்த நிலையில் இருந்தது என்பதையே முதலில் கேட்கவேண்டும்.

உயிர் போனதும் குடல்சுவரின் தசை இறுக்கம் தளர்கிறது. உயிரோடிருக்கும் மனிதரின் சிறுகுடலைக் குழாய் செலுத்தி அளந்தால் ஏறக்குறைய 3 மீட்டர். பிரேதப் பரிசோதனையில் அது 6 மீட்டரைத் தாண்டுகிறது. லீமரின் குடலும் அதே வகைத் தசையால் ஆனதுதான். இறந்து எத்தனை மணி கழித்து வயிற்றைத் திறந்தார்கள், மேசையில் இழுத்து நீட்டினார்களா, தண்ணீரில் மிதக்கவிட்டார்களா என்பதெல்லாம் அளவில் ஏறிக்கொள்ளும். உறையவைத்தால் பனிப்படிகங்கள் செல்களைக் கிழிக்கின்றன. உருகியபின் நீர் கசிந்து திசு தொய்கிறது. ஃபார்மலின் புரதங்களைப் பிணைத்து, குடலை அகப்பட்ட நிலையிலேயே இறுக்கிவிடுகிறது. பிறகு ஆல்கஹாலுக்கு மாற்றினால் நீர் வெளியேறி மேலும் சுருங்கும்.

விகிதம் எடுத்தால் இந்தப் பிழைகள் அடிபட்டுப்போகும் என்று ஒரு சமாதானம் உண்டு. எல்லாப் பகுதிகளும் ஒரே வீதத்தில் மாறினால்தான் அது செல்லும். சிறுகுடல் மெல்லிய சுவருள்ள குழாய். இலை தின்னும் லீமரான சிஃபாகாவின் குருட்டுக்குடலோ பை பையாக மடிந்து, மென்ற இலையால் நிறைந்திருப்பது. உள்ளிருப்பதோடு ஊறவைத்தால் தன் கொள்ளளவை ஓரளவு காத்துக்கொள்ளும். காலிசெய்து ஊறவைத்தால் சூம்பிவிடும். விகிதத்தின் கீழே நிற்கும் சிறுகுடல் மட்டும் 20 விழுக்காடு நீண்டுவிட்டதாகக் கொள்ளுங்கள். நீளத்தால் கணக்கிட்ட விகிதம் ஏறத்தாழ 17 விழுக்காடு விழும். இலை தின்னி பழந்தின்னியின் பக்கம் நகர்ந்துவிடும், அந்த விலங்கு ஒரு பழத்தையும் தொடாமலே.

இதைவிடக் கவலை தருவது வேறொன்று. லீமர்களை ஆய்வுக்காகக் கொல்ல முடியாது, கொல்லவும் கூடாது, 2020-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐ.யு.சி.என்.) மதிப்பிட்டபோது எஞ்சியிருந்த 107 இனங்களில் 103 அழிவின் ஆபத்தில் இருந்தன. வளர்ப்பில் நன்கு பெருகும் வளையவால் லீமரின் உடல், வட கரோலினாவின் டியூக் லீமர் மையம் போன்ற இடங்களில் இறந்த சூட்டோடு கிடைக்கக்கூடும். வளர்ப்பில் பிழைக்காத லெபிலீமர் என்ற லீமர் வகையைப் பெரும்பாலும் பழைய ஜாடியில்தான் தேடவேண்டும். இனமும் பதப்படுத்திய முறையும் இப்படிப் பின்னிக்கொண்டபின், வேறுபாடு உணவால் வந்ததா திரவத்தால் வந்ததா என்று எந்தப் புள்ளியியலும் பிரித்துத் தராது. (நார் குறைந்த வளர்ப்புத் தீவனமும் குடலை மாற்றும், அது தனி வழக்கு.)

ஆனாலும் ஜாடிகளை ஒதுக்கிவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2000-இல் கேம்பெல் குழுவினர் ஐந்து வகை லீமர்களின் குடலை விவரித்தபோது, இரண்டு சிஃபாகா இனங்களிடம் பை மடிப்புள்ள பெரிய குருட்டுக்குடலையும் சுருண்டு கிடக்கும் பெருங்குடலையும் கண்டார்கள். பழந்தின்னி லீமரான வரேசியாவின் குடல் எளிமையானது. இல்லாத சுருளை எந்தத் திரவமும் உண்டாக்குவதில்லை. உயிருள்ள விலங்குகளில் உணவு கடக்கும் நேரமும் இதற்கு ஒத்துவருகிறது: வரேசியாவில் சில மணி நேரம், சிஃபாகாவில் ஒரு நாளோ அதற்கு மேலோ.

எனவே வடிவம், மடிப்பு, எந்த அறை பெரிது என்பவற்றை ஏற்கலாம். சிஃபாகாவுக்கும் வரேசியாவுக்கும் உள்ள பெரிய இடைவெளியும் நிற்கும். ஆனால் நெருங்கிய இரு இனங்களில் ஒன்றிரண்டு உடல்களை, அதுவும் வேறுவேறு முறையில் பதமானவற்றை அளந்து, 10, 15 விழுக்காட்டு வேறுபாட்டை உணவுத் தகவமைப்பு என்று எழுதினால் அதைத் தள்ளிவிட வேண்டும். பொதுவான ஒரு திருத்த எண்ணால் பெருக்கிச் சரிசெய்யலாம் என்பதும் செல்லாது. இறந்ததற்கும் ஊறவைத்ததற்கும் இடைப்பட்ட நேரம், திரவத்தின் செறிவு, ஜாடியில் கழிந்த ஆண்டுகள் ஆகியவை உடலுக்கு உடல் வேறுபடும். வளர்ப்பு மையங்களில் இறக்கும் லீமர்களின் குடலை முதலில் அப்படியே அளந்து, ஃபார்மலினில் இட்டு, சில மாதம் கழித்து அதே பகுதிகளை அதே ஆள் மீண்டும் அளக்கலாம். அத்தகைய இணை அளவுகள் இனந்தோறும் போதிய அளவு சேரும்வரை, அட்டவணையின் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் அந்தக் குடல் பதப்பட்ட முறையை அச்சிட வேண்டும்.